எல்லாரும் பார்க்கும் ஊரில் அவள் யாரிடம் சொல்வாள்?

ஜனவரி 9 – வாசகர் ஒருவரின் கேள்வி

"நகரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. கிராமத்தில் ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் ஊருக்கே கேட்கிறது. அப்படியிருக்க, கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு நகரத்தைவிடக் கிராமமே பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறேன். உதவி கேட்க இத்தனை பேர் சுற்றியிருந்தும் அந்தப் பெண்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை?"

ஜனவரி 9, இரவு

ஊருக்கே கேட்கிறது என்பது உண்மை. கேட்டவர்கள் எழுந்து வருவதுதான் நடப்பதில்லை. சிற்றூரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பது அவளுக்கு எவ்வளவு துணையோ, அதைவிடக் கூடுதலாக அவனுக்குத் துணை. ஊருக்கு வரும் ஒரே வண்டியை ஓட்டுபவர் அவனுடைய சித்தப்பா மகனாக இருப்பார். சுகாதார நிலையத்துச் செவிலியர் அவன் தங்கையின் நாத்தனாராக இருப்பார். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்பவர் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருப்பார். இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர்களில் யாரிடம் வாய் திறந்தாலும், அவள் வீடு திரும்புவதற்கு முன் அவள் சொன்னது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது ஒன்றே அவளை ஊமையாக்கப் போதும்.

ஜனவரி 10

நேற்று எழுதியதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு அது. முந்தைய ஓராண்டுக்குள் துணைவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நகர்ப்புறத்தில் 15.5 சதவீதம், சிற்றூர்ப் பகுதிகளில் 22.5 சதவீதம், ஒதுங்கிக் கிடக்கும் பகுதிகளில் 17.9 சதவீதம். உதவி மையத்துக்கான சராசரித் தொலைவு, நகரப் பெண்களோடு ஒப்பிட்டால் கிராமப் பெண்களுக்கு மூன்று மடங்கு. சிற்றூர்களிலும் ஒதுங்கிய பகுதிகளிலும் இருந்த பெண்களில் நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் மிக அருகிலுள்ள மையத்திலிருந்தே 40 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்தார்கள். நகரத்தில் அப்படி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அது ஒரு செல்வந்த நாடு என்பதையும் அங்கே சாலைகளும் வாகனங்களும் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

தொலைவைப் பணமாகவும் நேரமாகவும் சாட்சியாகவும் கணக்கிட வேண்டும் என்பது என் எண்ணம். கையில் காசு தங்காத பெண்ணுக்குப் பயணக் கட்டணமே முதல் தடை. காலையில் போய் மாலையில்தான் திரும்ப முடியும் என்றால், அந்த ஒரு பகல் முழுவதும் எங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். வண்டியில் ஏறியதைப் பார்த்த பத்துப் பேரும் அந்தக் காரணத்தை நம்ப வேண்டும்.

ஜனவரி 12

வெளியிலிருந்து அறிவுரை சொல்பவர் என்று என்னை ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவருக்கு இதை எழுதுவது தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் வீட்டுச் சத்தம் எங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்தவரின் புறங்கை வீங்கியிருந்ததைப் பார்த்து, இன்னும் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே, "ஏன் அக்கா இன்னும் அந்த வீட்டில் இருக்கிறீர்கள்? கிளம்பி வந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு உண்மையாகவே நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பைத் துணிச்சல் என்று நம்பினேன். அவர் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைக்குள் நான் கேட்டது அவர் கணவருடைய காதுக்குப் போய்விட்டது. அடுத்த எட்டு மாதம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பின்னால் ஒரு பகுதி சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

"ஏன் இன்னும் இருக்கிறீர்கள்" என்ற கேள்வி அவர் காதில் "தவறு உங்களுடையது" என்றுதான் விழுந்திருக்கும். கேட்ட இடம் அதைவிடப் பெரிய பிழை.

ஜனவரி 13

திருத்தம். 10-ஆம் தேதிக் குறிப்பில் 40 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். ஆய்வில் இருப்பது 40 மைல், அதாவது ஏறக்குறைய 64 கிலோமீட்டர். சுட்டிக்காட்டியவர் சொன்னது சரி. தவறு சிறியதன்று, நடந்து போகிறவருக்கு அந்த 24 கிலோமீட்டர் இன்னொரு நாள்.

ஜனவரி 17

"பேசினாலும் தவறு, பேசாவிட்டாலும் தவறு என்றால் நாங்கள் என்னதான் செய்வது?" என்ற கேள்வி வந்திருக்கிறது. நான்கு நாள்கள் யோசித்தேன்.

எல்லாரும் பார்க்கும் ஊரில் உதவி உதவியைப் போலத் தோன்றக்கூடாது. அந்தப் பெண் அங்கே போவதற்கு வன்முறையோடு தொடர்பில்லாத, யாரும் மறுக்க முடியாத ஒரு காரணம் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள், தையல் வகுப்பு, கால்நடை மருத்துவர் வரும் நாள், சேமிப்புக் குழுக் கூட்டம் போன்றவை அப்படிப்பட்ட காரணங்கள். "பெண்கள் பாதுகாப்பு மையம்" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டிய கட்டடத்தை ஊர் நடுவில் திறந்தால், அந்தப் படியில் ஏறுவதே ஓர் அறிவிப்பாகிவிடும். நல்ல எண்ணத்தில் திறந்து, ஒருவரும் வராமல், ஒரு வருடத்தில் பூட்டிவிட்ட அப்படிப்பட்ட அறை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தேவை இல்லாததால் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாநிலக் கிராமங்களில் 2001-க்கும் 2005-க்கும் இடையில் நடந்தது. 'இமேஜ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வில், ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் குழுக் கூட்டங்களோடு, உடல்நலம், ஆண் பெண் உறவு, வீட்டு வன்முறை ஆகியவை பற்றிய பத்துப் பயிற்சி அமர்வுகளை இணைத்தார்கள். பெண்கள் வெளியே வந்தது கடன் கூட்டத்துக்கு. அதைத் தடுக்க வீட்டில் யாருக்கும் காரணமில்லை. கூட்டத்துக்கு வந்த இடத்தில் மற்றதைப் பேச முடிந்தது. 2006-இல் வெளியான முடிவின்படி, முந்தைய ஓராண்டில் துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து, ஒப்பீட்டுக் கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் 55 சதவீதம் குறைந்திருந்தது.

ஜனவரி 18

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, கடன் கொடுத்தால் அடி நின்றுவிடும் என்று சொல்வதுபோல் இருக்கிறது. அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம். மனைவியின் கைக்குப் பணம் வரும்போது அதைப் பறிப்பதற்காக வன்முறை கூடும் வீடுகளும் உண்டு. கடன் அவள் பெயரிலும் செலவு அவன் கையிலும் இருந்தால், அவள் தலையில் இன்னொரு சுமைதான் ஏறும். லிம்போபோவில் பணமும் பேச்சும் சேர்ந்தே போயின என்பதும், வாரங்கள் தொடர்ந்து அதே முகங்கள் சந்தித்துக்கொண்டன என்பதும் முக்கியம். என்னைக் கேட்டால், கடனைவிட அந்தச் சந்திப்புகளையே பெரிதாக மதிப்பேன். அடிபடும் பெண்ணை முதலில் தனிமைப்படுத்துவார்கள். தாய்வீட்டுப் போக்குவரத்து குறையும், தோழிகள் வருவது நிற்கும், கைப்பேசி பறிபோகும். மாதம் இரண்டு முறை பத்துப் பெண்களோடு உட்காரும் ஒருத்தியை அப்படி முழுவதுமாக வெட்டிவிட முடியாது. ஒரு கூட்டத்துக்கு அவள் வராவிட்டால் ஒருவராவது தேடி வருவார்.

ஜனவரி 24

ஊர்ப் பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதே நல்லது, காவல் நிலையமும் நீதிமன்றமும் குடும்பத்தைக் கலைத்துவிடும் என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதால் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பேசித் தீர்ப்பதற்கு இருவரும் பயமின்றிப் பேசக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். எல்லையில் வரப்பு தகராறு உள்ள இரண்டு விவசாயிகள் அப்படிப் பேசலாம். ஆனால் இரவு அதே வீட்டுக்குள் அதே மனிதனோடு கதவு சாத்தப்படப்போகும் ஒருத்தி, பத்துப் பேர் முன்னால் அவனைப் பற்றி எந்த உண்மையைச் சொல்வாள்? அவள் மென்று விழுங்கிச் சொல்லும் அரைகுறை வார்த்தையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று பெரியவர்கள் நிம்மதி அடைவார்கள். அவன் மன்னிப்புக் கேட்பான். அவளிடம் அனுசரித்துப் போகச் சொல்வார்கள். எல்லாரும் எழுந்து போவார்கள். அதன்பின் அடுத்த அடி விழுந்தால், ஊர் வாக்கை மீறியவள் என்ற பழியும் அவள்மேல்தான் விழும்.

2011-இல் கையெழுத்தாகி 2014-இல் நடைமுறைக்கு வந்த, ஐரோப்பிய நாடுகளின் இஸ்தான்புல் உடன்படிக்கை, தன் 48-ஆம் பிரிவில், பெண்கள் மீதான வன்முறை வழக்குகளில் கட்டாயச் சமரசத்தைத் தடைசெய்ய வேண்டும் என்கிறது. இந்த அனுபவத்தை அறிந்தவர்கள்தான் அதை எழுதியிருக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, கிராமப் பெண்களுக்கென்றே 14-ஆம் பிரிவை ஒதுக்கியிருக்கிறது. கிராமத்தில் இருப்பதே ஒரு தனி நிலைமை என்பதை அப்போதே உணர்ந்திருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் அவளை உட்கார வைத்து விசாரிப்பதை விட்டுவிட்டு, அவனைத் தனியே அழைத்து, "இதை நாங்கள் அறிவோம், இனி நடந்தால் உன் பக்கம் நிற்க மாட்டோம்" என்று சொன்னால் அதற்கு ஓர் எடை உண்டு. அதையும் அவள் சம்மதித்த பிறகே செய்ய வேண்டும்.

ஜனவரி 26

குடிதான் காரணம், குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். குடி அடியைக் கடுமையாக்குகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் குடித்த மனிதன் தன் முதலாளியை அடிப்பதில்லை, ஊர்த்தலைவரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்ற கணக்கு போதையிலும் அவனுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 2

இதுவரை எழுதியதில் மிக முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், அல்லது "கழுத்தைப் பிடித்தார்" என்று லேசாகச் சொல்லி நகர்ந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். இதை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்புப் புள்ளிகள், மயங்கி விழுந்தது, தன்னையறியாமல் சிறுநீர் கழிந்தது ஆகியவை அடையாளங்கள். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள்கள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். ஆகவே அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணம் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் சரி.

மற்ற ஆபத்து அறிகுறிகளும் உண்டு. அடி முன்பைவிட அடிக்கடி விழுவது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது, வீட்டில் துப்பாக்கி இருப்பது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, தற்கொலை செய்துகொள்வேன் என்று அவன் சொல்வது ஆகியவை. இவற்றை ஒழுங்காகக் கேட்டறிய, ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர்-ஆய்வாளர் 1980-களிலேயே ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். அவரும் மற்றவர்களும் 11 அமெரிக்க நகரங்களில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒவ்வோர் அசைவையும் கட்டுப்படுத்தும் ஆணை விட்டுப் பிரிந்த பெண்ணுக்குக் கொலை ஆபத்து ஒன்பது மடங்கு. அது நகரங்களில் நடந்த ஆய்வு. உதவிக்கு இன்னும் தொலைவில் இருக்கும் ஊருக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஜனவரி 12-இல் நான் குறிப்பிட்ட "கிளம்பி வந்துவிட வேண்டியதுதானே" என்ற வார்த்தையை இந்தப் பத்தியோடு சேர்த்துப் படித்தால், நான் அந்த அக்காவை எதற்குள் தள்ளப் பார்த்தேன் என்பது விளங்கும். கிளம்புவதற்கு ஆயத்தம் வேண்டும், நாள் பார்க்க வேண்டும், போய்ச் சேரும் இடம் அவனுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். எப்போது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் அவன் எப்போது என்ன செய்வான் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

பிப்ரவரி 3

"எல்லாவற்றையும் மறைத்தே செய்தால் அவனுக்குத்தானே வசதி?" என்ற கேள்வி நியாயமானது. என் 17-ஆம் தேதிக் குறிப்பு பாதி உண்மை என்று இப்போது நினைக்கிறேன். மறைக்க வேண்டியது அவள் சொன்னதையும் அவள் திட்டத்தையும். அவன் செய்வதை மறைக்க ஊருக்கு எந்தக் கடமையும் இல்லை.

இந்தியாவில் 2008-இல் தொடங்கிய 'பெல் பஜாவ்' இயக்கம், அடிக்கும் சத்தம் கேட்கும் வீட்டின் அழைப்பு மணியை அடியுங்கள் என்று அண்டை வீட்டாரிடம், குறிப்பாக ஆண்களிடம், சொன்னது. உள்ளே போய்ச் சண்டையிட வேண்டியதில்லை. ஏதோ ஒரு பொருளை இரவல் கேட்டுக் கதவைத் தட்டினால் போதும். அந்த நிமிடம் கை நிற்கும், வெளியே ஒருவர் விழித்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். தட்டுபவர் அவள் பெயரை எடுக்கக்கூடாது, அவள் சொல்லித்தான் வந்தது போன்ற தோற்றம் வரக்கூடாது. ஆயுதம் இருக்கும் வீடென்றால் தனியாகப் போகாமல் காவல்துறையை அழைக்க வேண்டும்.

பிப்ரவரி 11

அந்த அக்கா என்ன ஆனார் என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, ஆட்டுக்குட்டி ஒன்று நோயாகக் கிடக்கிறது, பார்க்க வர முடியுமா என்று அவரே கேட்டார். தொழுவத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அன்று நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது என் தவறு, அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசினார். பிறகு அவ்வப்போது ஆடுமாட்டைச் சாக்கிட்டுச் சந்தித்தோம். ஆறேழு மாதத்தில் ஒவ்வொன்றாக அவருடைய சில தாள்கள் என் பெட்டிக்கு வந்தன: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நிலத்தாளின் நகல், மருத்துவச் சீட்டுகள். மூலத்தை எடுத்தால் தெரிந்துவிடும் என்று நகலை மட்டும் எடுத்தோம். கொஞ்சம் பணமும் சேர்ந்தது. தொலைபேசியில் பேச வேண்டியிருந்தால் என் கைப்பேசியிலிருந்தே பேசினார். அவருடையதை அவர் கணவர் தினமும் பார்ப்பார், அழைப்புப் பட்டியலை அழித்திருந்தாலும் ஏன் அழித்தாய் என்று கேட்பார்.

அவரை வெகுநாள் கட்டிப்போட்டவை இரண்டு மாடுகளும் நான்கு ஆடுகளும் என்றால் படிப்பவர்களில் சிலர் நம்ப மாட்டார்கள். தான் போய்விட்டால் கணவர் அவற்றைப் பட்டினி போட்டோ அடித்தோ தன்மேல் உள்ள கோபத்தைத் தீர்ப்பார் என்ற பயம். அவை வாயில்லாத உயிர்கள் என்பதோடு, அவர் தன் கையால் சேர்த்த ஒரே சொத்தும் அவைதான். அவருடைய தம்பி, சந்தையில் நல்ல விலை இருக்கிறது என்று மைத்துனரிடமே பேசி அவற்றை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, மாடு கன்று போட்டிருக்கிறது என்று தம்பி வீட்டிலிருந்து செய்தி வந்ததாகச் சொல்லிப் பிள்ளைகளோடு கிளம்பினார். பை என் வீட்டிலிருந்து முதல் நாள் இரவே போய்விட்டது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது தம்பி வீட்டுக்கு அல்ல.

நான் அவரைக் காப்பாற்றவில்லை. ஒரு பெட்டியும் ஒரு கைப்பேசியும் கொடுத்தேன், அதன்பின் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12

ஜனவரி 9-இல் முதல் கேள்வியைக் கேட்டவர் தனிச்செய்தி அனுப்பி, அதன் சாரத்தை இங்கே எழுத அனுமதித்தார். அவர் பொதுவாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது, அந்தப் பெண் அவர் மனைவியிடம் ஒரு முறை பாதி சொல்லி நிறுத்தியிருக்கிறார். நாளை என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஐயா, நாளை நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்; உங்கள் மனைவி செய்யட்டும். அந்தப் பெண்ணோடு தனியாக இருக்க இயல்பாக ஒரு வேளை அமையும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். குழந்தை அருகில் இருந்தாலும் வேண்டாம், பேசத் தெரிந்த குழந்தை வீட்டில் சொல்லிவிடும். "அன்றைக்கு நீ ஏதோ சொல்ல வந்தாய். எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், என்னைத் தாண்டிப் போகாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும். பேசினால் கேட்கட்டும், நம்புவதாகச் சொல்லட்டும், அவளுக்கு இப்போது எது தேவை என்று கேட்கட்டும். கழுத்தைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் கேட்கட்டும். உங்கள் பகுதியின் பெண்கள் உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்காமல், மனப்பாடம் செய்ய வைக்கட்டும். அவள் பேசாவிட்டால், அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே நேரத்தில் உங்கள் மனைவி இருக்கட்டும்.

நீங்கள் அந்தக் கணவரிடம் போய்ப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கேட்டுக்கொள்ளும் வரை போகாதீர்கள்.